கிட்டுடன் பிற கருவிகளை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பேணும் கிட் என்ற கருவியைக் கற்றுத்தரும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கமிட் (மாற்றத்தை வரலாற்றில் பதிதல்), புஷ் (பதிந்ததைச் சர்வருக்கு அனுப்புதல்), மெர்ஜ் (தனித்தனியே வளர்ந்த கிளைகளை ஒன்றாக்குதல்) பற்றிய ஐயங்கள் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அதன்பின் வருபவை பெரும்பாலும் கிட்டைப் பிற கருவிகளோடு சேர்ப்பது பற்றியவை. ஏறக்குறைய ஒரே சொற்களில் அவை திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (டெர்மினல்) ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கிட் தன்னளவில் முழுமையான கருவிதானே, அதை வேறு எதனோடும் ஏன் இணைக்க வேண்டும்?

கிட்டுக்குத் தெரிந்தது கோப்புகளின் நிலையும் அவற்றின் வரலாறும் மட்டுமே. நிரல் தொகுக்கப்படுகிறதா, சோதனைகள் தேறினவா, இந்த மாற்றம் எந்தப் பிழை எண்ணுக்கு உரியது, யார் ஒப்புதல் அளித்தார் என்பவை அதன் கவலை அல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காக இதை எழுதத் தொடங்கியபோதே, தனித்தனியே இயங்கும் சிறு நிரல்களை ஷெல் ஸ்கிரிப்டுகளால் (முனையக் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகளால்) கோத்துப் பயன்படுத்தும் வடிவில்தான் எழுதினார். ஆகவே பிறவற்றோடு சேர்வது பின்னால் ஒட்டவைத்த வசதி அன்று. பிறவியிலேயே உள்ள இயல்பு.

இணைப்புக்கான வாயில்கள் பல இருந்தாலும், எதைத் தொடுமுன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது யாருடைய கணினியில் ஓடப்போகிறது? நிரலாளரின் கணினியில் ஓடுவது அவருக்கான வசதி. சர்வரில் ஓடுவது அனைவருக்குமான விதி. கீழே வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

எனக்கென்று ஒரு புதிய கிட் கட்டளையை உருவாக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். எளிய வழி, அமைப்புக் கோப்பில் அலையஸ் (மாற்றுப் பெயர்) எழுதுவது. ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்பதற்கு ‘கிட் எஸ்டி’ என்று சுருக்கம் வைத்துக்கொள்வது போன்ற தேவைகளுக்கு இதுவே போதும். அலையஸின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி இட்டால் மீதி முழுவதும் ஷெல் கட்டளையாக ஓடும். ஆனால் அது நீங்கள் நிற்கும் அடைவிலிருந்து (ஃபோல்டர்) ஓடாமல், களஞ்சியத்தின் (கிட் வரலாறு பேணும் கோப்புத் தொகுப்பின்) தலைமை அடைவிலிருந்து ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ‘கிட்-’ என்று தொடங்கும் பெயரில் ஓர் இயங்கு கோப்பை எழுதி, ஷெல் தேடும் பாதைகளுள் ஒன்றில் வைத்துவிட்டால், அது ‘கிட்’டின் துணைக்கட்டளையாகவே நடந்துகொள்ளும். பைத்தானில் எழுதினாலும் கோ மொழியில் எழுதினாலும் கிட்டுக்குக் கவலையில்லை. பெரிய கோப்புகளைக் கையாளும் கிட் எல்எஃப்எஸ் போன்ற பெரிய கருவிகளும் இந்த வாயில் வழியாகவே உள்ளே வருகின்றன. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு: ஏற்கெனவே உள்ள கட்டளையின் பெயரை அலையஸாக வைத்தால் கிட் அதைப் பொருட்படுத்தாது, உங்கள் துணைக்கட்டளையோடு ‘ஹெல்ப்’ என்ற நீண்ட விருப்பத்தைக் கொடுத்தால் கிட் அதை இடைமறித்துக் கையேட்டுப் பக்கத்தைத் தேடும், உங்கள் நிரலுக்கு அது வந்தே சேராது. ஒற்றை எழுத்துச் சுருக்க விருப்பம் வந்து சேரும்.

ஹூக் ஹூக் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது, எப்போது ஓடும்?

குறிப்பிட்ட ஒரு நிகழ்வின்போது கிட் தானாக அழைக்கும் நிரலுக்கு ஹூக் என்று பெயர். களஞ்சியத்தினுள் மறைந்திருக்கும் ‘டாட் கிட்’ அடைவில் ‘ஹூக்ஸ்’ என்ற உள்ளடைவு இருக்கும். கோப்பின் பெயரே எந்த நிகழ்வுக்கு உரியது என்பதைத் தீர்மானிக்கிறது. ப்ரீ-கமிட் கமிட் உருவாகுமுன் ஓடும். கமிட்-எம்எஸ்ஜி நீங்கள் எழுதிய செய்தியைச் சோதிக்கும். ப்ரீ-புஷ் சர்வருக்கு அனுப்புமுன் ஓடும். போஸ்ட்-செக்அவுட் கிளை மாறியபின் ஓடும்.

‘ப்ரீ’ என்று தொடங்குபவையும் கமிட்-எம்எஸ்ஜியும் சுழியம் அல்லாத எண்ணோடு வெளியேறினால், நடக்கவிருந்த செயல் நின்றுவிடும். ‘போஸ்ட்’ என்று தொடங்குபவை முடிந்துபோன காரியத்துக்குப் பின்னர் வருபவை என்பதால் எதையும் தடுக்க முடியாது.

ஹூக்கை எழுதி வைத்துவிட்டேன், ஆனால் அது ஓடவே மாட்டேன் என்கிறது. என்ன தவறு?

புதிய களஞ்சியத்தில் மாதிரிக் கோப்புகள் ‘சாம்பிள்’ என்ற பின்னொட்டோடு இருக்கும். அதை நீக்காமல் உள்ளே திருத்தியிருந்தால் கிட் திரும்பியும் பார்க்காது. அடுத்து, கோப்புக்கு இயக்க அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் பழைய பதிப்புகள் மௌனமாகக் கடந்துவிடும். இப்போதைய பதிப்புகள் ஓர் எச்சரிக்கை வரியாவது காட்டுகின்றன.

மூன்றாவது காரணம் விண்டோஸ் கணினியில் எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளுக்கு உரியது. வரி முடிவில் கூடுதலாக ஒரு கண்ணுக்குத் தெரியாத குறி சேர்ந்துவிடுவதால், முதல் வரியில் உள்ள மொழிபெயர்ப்பியின் பெயரே மாறிப்போய், ‘அப்படி ஒரு நிரல் இல்லை’ என்ற பிழை வரும். விண்டோஸுக்கான கிட் தன்னோடு பாஷ் ஷெல்லையும் கொண்டுவருவதால் ஷெல் ஹூக் அங்கேயும் ஓடும். நான்காவதாக, வேறு ஏதோ ஒரு கருவி ஹூக்குகளின் இருப்பிடத்தையே மாற்றியிருக்கலாம். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நான் எழுதிய ஹூக், களஞ்சியத்தைக் குளோன் செய்தவர்களுக்கு (தம் கணினிக்கு நகலெடுத்தவர்களுக்கு) ஏன் போய்ச் சேரவில்லை?

போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான். குளோன் செய்த மாத்திரத்தில் அந்நியர் எழுதிய நிரல் உங்கள் கணினியில் ஓடத் தொடங்கினால், யாருடைய களஞ்சியத்தையும் எடுத்துப் பார்க்க யாருக்கும் துணிவு வராது. ஹூக்குகளும் உள்ளூர் அமைப்புக் கோப்பும் குளோனில் நகலாகாமல் இருப்பது, வேண்டுமென்றே எடுக்கப்பட்ட பாதுகாப்பு முடிவு.

குழு முழுவதும் பகிர வேண்டுமானால், ஹூக்குகளை ஒரு சாதாரண அடைவில் வைத்துக் கமிட் செய்து, ‘கோர் ஹூக்ஸ்பாத்’ என்ற அமைப்பை அந்த அடைவுக்குத் திருப்பலாம். 2016இல் வந்த 2.9ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒருமுறை ஒரு கட்டளையைத் தட்டியே ஆக வேண்டும். அந்த ஒரு கட்டளைதான் அவருடைய சம்மதம். ஹஸ்கி என்ற கருவி இந்தத் திருப்பலை நிறுவலின்போதே செய்துவிடுகிறது. பைத்தானில் எழுதப்பட்ட ப்ரீ-கமிட் என்ற கருவி (ஹூக்கின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டு எல்லாரையும் குழப்புவது) பழைய இடத்திலேயே எழுதுகிறது. இருப்பிடம் திருப்பப்பட்டிருந்தால் நிறுவ மறுத்துவிடுகிறது. இரண்டையும் ஒரே களஞ்சியத்தில் கலக்க வேண்டாம்.

எல்லாச் சோதனைகளையும் ப்ரீ-கமிட்டில் வைத்திருக்கிறேன், ஆனால் சிலர் ஹூக்கை ஓட்டாதே என்று சொல்லும் ‘நோ-வெரிஃபை’ விருப்பத்தைப் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

தடுக்க முடியாது, தடுக்க முயலவும் வேண்டாம். அவர்களுடைய கணினி, அவர்களுடைய களஞ்சியம். அந்த விருப்பம் கிட் அளித்த உரிமை. இரவு வீட்டுக்குக் கிளம்புமுன் அரைகுறை வேலையைத் தன் கிளையில் கமிட் செய்து வைக்க நினைப்பவருக்கு அது தேவையும்கூட. கட்டாயமாக நிறைவேற வேண்டிய விதி எதுவோ, அது சர்வரில் இருக்க வேண்டும்.

ப்ரீ-கமிட்டில் நான் வைப்பது சில நொடிகளில் முடிபவற்றை மட்டுமே: வடிவமைப்புச் சோதனை, மெர்ஜ் குறிகள் மிச்சமிருக்கின்றனவா என்ற தேடல், தவறிப்போய்ச் சேர்ந்த ரகசியச் சாவிகள். முழுச் சோதனைத் தொகுப்பையும் அங்கே ஏற்றி, ஒவ்வொரு கமிட்டுக்கும் மூன்று நிமிடம் காத்திருக்கச் செய்தால், நல்லவர்களும் ‘நோ-வெரிஃபை’யைப் பழகிக்கொள்வார்கள். பழகிய பிறகு ஹூக் இருந்தும் இல்லாததே.

சர்வரில் ப்ரீ-ரிசீவ், அப்டேட், போஸ்ட்-ரிசீவ் என்று மூன்று இருக்கின்றனவே, எதை எதற்குப் பயன்படுத்துவது?

ப்ரீ-ரிசீவ் ஒரு புஷ்ஷுக்கு ஒருமுறை ஓடும். மாறவிருக்கும் ஒவ்வொரு கிளைக்கும் பழைய கமிட் எண், புதிய கமிட் எண், கிளையின் பெயர் ஆகிய மூன்றும் ஒரு வரியாக அதன் உள்ளீட்டில் வரும். அது மறுத்தால் புஷ் முழுவதும் திரும்பிப் போகும். அப்டேட் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே ஓடும். அதே விவரங்கள் உள்ளீடாக அல்லாமல் கட்டளை வரியில் வரும். அது மறுத்தால் அந்தக் கிளை மட்டும் நிற்கும். போஸ்ட்-ரிசீவ் எல்லாம் முடிந்தபின் அறிவிப்பதற்கானது.

முதன்முதலாக எழுதுகிறவர்கள் ஏறக்குறைய தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. புதிய கிளை உருவாகும்போது பழைய கமிட் எண்ணின் இடத்தில் 40 சுழியங்கள் வரும். கிளை அழிக்கப்படும்போது புதிய எண்ணின் இடத்தில் அவை வரும். பழையதிலிருந்து புதியது வரை என்று கண்ணை மூடிக்கொண்டு பட்டியல் கேட்டால், அப்படி ஒரு கமிட்டே இல்லை என்று ஸ்கிரிப்ட் விழுந்துவிடும். புதிய கிளைக்கு, ‘ரெவ்-லிஸ்ட்’ கட்டளையில் ‘நாட்’, ‘ஆல்’ ஆகிய இரண்டு விருப்பங்களையும் சேர்த்து, ஏற்கெனவே உள்ள எந்தக் கிளையிலும் இல்லாத கமிட்டுகளை மட்டும் கேளுங்கள். இது ப்ரீ-ரிசீவில் சரியாக வரும். போஸ்ட்-ரிசீவில் அந்தக் கிளையே ஏற்கெனவே பதிந்துவிட்டிருக்கும் என்பதால் வெறுமைதான் கிடைக்கும்.

களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப்பிலோ கிட்லேப்பிலோ இந்தச் சர்வர் ஹூக்குகளை நான் வைக்க முடியுமா?

அவர்களுடைய பொதுத் தளங்களில் முடியாது. உங்கள் நிரலைத் தங்கள் சர்வரில் அவர்கள் ஓடவிடமாட்டார்கள். நிறுவனம் தானே நிறுவிக்கொண்ட கிட்லேப்பிலும் கிட்ஹப் எண்டர்பிரைஸ் சர்வரிலும் நிர்வாகியால் முடியும். பொதுத் தளங்களில் அதற்கு ஈடாக, காக்கப்பட்ட கிளை என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்த வேண்டும்: நேரடி புஷ்ஷைத் தடுத்து, குறித்த சோதனைகள் தேறினால் மட்டுமே மெர்ஜ் என்று வைத்துக்கொள்ளலாம்.

ப்ரீ-கமிட் ‘எல்லாம் சரி’ என்கிறது, ஆனால் கமிட்டில் தவறு இருக்கிறது. இது எப்படி?

உங்கள் ஹூக் தவறான பொருளைச் சோதித்திருக்கிறது. கமிட்டுக்குள் போவது, அடுத்த கமிட்டுக்காக ‘கிட் ஆட்’ கட்டளையால் சேர்த்துவைத்த ஸ்டேஜிங் பகுதியில் உள்ள வடிவம். பெரும்பாலான ஹூக்குகள் சோதிப்பதோ வேலை அடைவில் உள்ள வடிவம். ஒரு கோப்பை ‘கிட் ஆட்’ செய்துவிட்டு, அதிலிருந்த பிழையை அதன்பின் எடிட்டரில் திருத்திவிட்டு, மறுபடி ‘ஆட்’ செய்யாமல் கமிட் செய்தால், ஹூக்கின் கண்ணுக்குத் திருத்திய வடிவம் தெரியும், வரலாற்றில் திருத்தாத வடிவம் பதியும்.

சரியான வழி, ஸ்டேஜிங் பகுதியின் உள்ளடக்கத்தை ‘செக்அவுட்-இண்டெக்ஸ்’ கட்டளையால் ஒரு தற்காலிக அடைவில் விரித்து, அங்கே சோதிப்பது. ஒரே கோப்புதான் என்றால், ‘கிட் ஷோ’வுக்குப் பின் முக்காற்புள்ளி இட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அந்த வடிவமே கிடைக்கும். மேலே சொன்ன ப்ரீ-கமிட் கருவி, ஸ்டேஜ் செய்யாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்துவிட்டுச் சோதித்து, பிறகு திரும்பப் போடுகிறது.

இதைவிட மோசமானது, ஹூக்குக்குள்ளேயே கோப்பை வடிவமைத்துத் தானாக ‘கிட் ஆட்’ செய்யும் பழக்கம். ஒரு கோப்பின் சில பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டேஜ் செய்தவருக்கு, ஒதுக்கி வைத்த மீதிப் பகுதிகளும் சொல்லாமல் கொள்ளாமல் கமிட்டுக்குள் போய்விடும். ஹூக் சோதித்துச் சொல்லட்டும். திருத்தும் வேலையை மனிதர் செய்யட்டும் என்பது என் கருத்து.

போஸ்ட்-ரிசீவ் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஓடுகிறது, புஷ் செய்தால் ‘இது கிட் களஞ்சியமே அல்ல’ என்கிறது. பைத்தியம் பிடிக்கிறது.

எனக்கும் பிடித்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், புஷ் வந்தவுடன் இணையதளத்தின் அடைவுக்குப் போய் ‘கிட் புல்’ செய்யும்படி நான்கு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். அனுமதிகளைப் பார்த்தேன், உரிமையாளரை மாற்றினேன், பாதையை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். அரை நாள் போயிற்று. காரணம், ஹூக்கை அழைக்கும்போது கிட் தன் களஞ்சியத்தின் இருப்பிடத்தை ‘கிட் டிர்’ என்ற சூழல் மாறியில் வைத்து அனுப்புகிறது. நீங்கள் வேறு அடைவுக்குப் போனாலும் அந்த மாறி கூடவே வருகிறது. அங்கே ஓடும் கிட் கட்டளைகள் நிற்கும் இடத்தைப் பார்க்காமல் மாறி சொல்லும் இடத்தைத் தேடுகின்றன. கையால் ஓட்டும்போது அந்த மாறி இல்லை, ஆகவே எல்லாம் சரியாக நடக்கிறது. அடைவு மாறுமுன் ‘அன்செட்’ செய்தால் தீர்ந்தது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: போஸ்ட்-ரிசீவ் எதையும் தடுக்காது என்றாலும், அது முடியும்வரை புஷ் செய்தவரின் முனையம் காத்திருக்கும். பத்து நிமிட வேலையை அதற்குள் வைக்காமல், ஒரு வரிசையில் குறித்துவிட்டு வெளியேறி, வேலையை வேறொரு நிரலிடம் விடுங்கள்.

முனையத்தில் ஓடும் ஹூக், எடிட்டரிலிருந்து கமிட் செய்தால் மட்டும் ஏன் தகராறு செய்கிறது?

எடிட்டர் எந்த கிட்டைப் பயன்படுத்துகிறது என்று முதலில் பாருங்கள். விஎஸ் கோடும் இன்டெலிஜேயும் கணினியில் நிறுவப்பட்ட கிட் நிரலையே அழைக்கின்றன. ஆகவே ஹூக் ஓடும். ஆனால் சின்னத்தைச் சொடுக்கித் திறந்த எடிட்டருக்கு உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பில் சேர்த்த பாதைகள் தெரியாமல் இருக்கலாம். ஹூக் அழைக்கும் நோட் நிரலோ பைத்தானோ ‘கிடைக்கவில்லை’ என்று வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சில கருவிகள் கிட் நிரலை அழைப்பதே இல்லை. கிட்டின் செயல்பாட்டைத் தனியே எழுதிய நூலகங்கள் இருக்கின்றன: சி மொழியில் லிப்கிட்2, ஜாவாவில் ஜேகிட். எக்லிப்ஸின் ஈகிட் செருகலும் கெரிட் என்ற மறுஆய்வுச் சர்வரும் ஜேகிட்டின் மேல் நிற்கின்றன. லிப்கிட்2 ஹூக்குகளைத் தானாக ஓட்டாது. அதைப் பயன்படுத்தும் கருவியே முனைந்து ஓட்டினால்தான் உண்டு. ஜேகிட் சில ஹூக்குகளை மட்டும் ஆதரிக்கிறது. உள்ளூர் ஹூக்கை விதியாக நம்பக்கூடாது என்று ‘நோ-வெரிஃபை’ கேள்வியில் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

என் நிரல் கிட்டின் வெளியீட்டைப் படிக்க வேண்டும். தமிழ்ப் பெயருள்ள கோப்பு வந்தால் எல்லாம் எண்களாகத் தெரிகிறது, ஏன்?

கிட், ஆஸ்கி அல்லாத பைட்டுகளை எட்டடிமான எண்களாக மாற்றிக் காட்டுவது அதன் இயல்பு அமைப்பு. ‘க’ என்ற ஓர் எழுத்து மூன்று பைட்டுகளாகி, \340\256\225 என்று வரும். மனிதர் படிப்பதற்காக மட்டும் என்றால் ‘கோர் கோட்பாத்’ அமைப்பை அணைத்துவிடலாம். நிரல் படிப்பதற்கு அது போதாது. பல கட்டளைகளில் உள்ள ‘இசட்’ விருப்பத்தைக் கொடுத்தால், பெயர்கள் மாற்றமின்றி, ஒவ்வொன்றின் முடிவிலும் சுழியப் பைட்டோடு வரும். இடைவெளி உள்ள பெயர்களும் அப்போது உடையாது.

பொதுவாக, கண்ணுக்காக அமைந்த வெளியீட்டை நிரல் படிக்கக்கூடாது. ‘கிட் பிராஞ்ச்’ தரும் பட்டியலை வெட்டி ஒட்டுவதற்குப் பதில் ‘ஃபார்-ஈச்-ரெஃப்’ கட்டளையையும், ‘கிட் ஸ்டேட்டஸ்’ஸோடு ‘போர்சிலின்’ விருப்பத்தையும் பயன்படுத்துங்கள். கிட் உலகில் மனிதருக்கான கட்டளைகளைப் போர்சிலின் என்றும் நிரல்களுக்கான உள்கட்டளைகளைப் பிளம்பிங் என்றும் அழைக்கும் வழக்கம் இருக்க, நிரல்களுக்கான விருப்பத்துக்குப் போய் போர்சிலின் என்று பெயர் வைத்தது ஒரு வேடிக்கை. பெயர் எப்படியிருந்தாலும், அதன் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்பது உறுதி.

மேக் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே வைக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் கிட்டுக்கு இரண்டாகிவிடும். இதற்காகவே ‘கோர் ப்ரீகம்போஸ் யூனிகோடு’ என்ற அமைப்பு இருக்கிறது.

கமிட் செய்தியின் நீளத்தைச் சோதிக்கும் எங்கள் ஹூக், தமிழில் எழுதினால் இரண்டு சொல்லிலேயே மறுக்கிறது. இது நியாயமா?

நியாயமில்லை; ஹூக் பைட்டுகளை எண்ணுகிறது. தலைப்பு வரி 50 எழுத்துக்குள் இருக்கட்டும் என்ற வழக்கம் ஆங்கிலத்தை மனதில் வைத்து வந்தது. ‘பிழை திருத்தம்’ என்று எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில், புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், இடைவெளி நீங்கலாக 13 குறியீடுகள். பைட் கணக்கில் இடைவெளியும் சேர்ந்து 40.

கமிட்-எம்எஸ்ஜி ஹூக்கில் யூனிகோடு அறிந்த மொழி ஒன்றைக் கொண்டு குறியீடுகளை எண்ணினால் ஓரளவு சரியாகும். உயிர்மெய்யை ஒன்றாக எண்ணும் நூலகத்தைப் பயன்படுத்தினால் முழுவதும் சரியாகும். ஷெல்லின் ‘டபிள்யூசி’ கட்டளையை ‘எம்’ விருப்பத்தோடு பயன்படுத்தலாம் என்றாலும், சர்வரில் மொழி அமைப்பு ‘சி’ என்று இருந்தால் அதுவும் பைட்டுகளைத்தான் எண்ணும்.

வேர்ட் கோப்புகளையும் பெரிய படங்களையும் கிட்டில் வைத்தால் வேறுபாடே தெரிவதில்லை. ஏதாவது வழி உண்டா?

இரண்டும் வெவ்வேறு நோய்கள். வேர்ட் கோப்புக்கு ‘டெக்ஸ்ட்கான்வ்’ என்ற ஏற்பாடு உண்டு. ‘கிட் ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் இந்தப் பின்னொட்டுள்ள கோப்புகளுக்கு இன்ன வேறுபாட்டு முறை என்று எழுதிவிட்டு, அந்த முறைக்கு உரிய மாற்றியாகப் பேன்டாக் போன்ற நிரலை அமைப்புக் கோப்பில் குறித்தால், ‘கிட் டிஃப்’ இரண்டு வடிவங்களையும் உரையாக்கி ஒப்பிட்டுக் காட்டும். முதற்பாதி களஞ்சியத்தோடு பயணிக்கும். மாற்றியின் பெயர் பயணிக்காது. காரணம் குளோன் கேள்வியில் சொன்னதேதான். இது காட்சிக்கு மட்டுமே. அந்த வேறுபாட்டைப் பேட்ச்சாக எடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது.

பெரிய கோப்புகளுக்கு கிட் எல்எஃப்எஸ். கோப்பை ஸ்டேஜ் செய்யும்போது ‘கிளீன்’ வடிகட்டி அதன் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, பதிப்பு, ஷா-256 எண், அளவு என்று மூன்று வரியுள்ள ஒரு சுட்டியை வைக்கும். செக்அவுட் செய்யும்போது ‘ஸ்மட்ஜ்’ வடிகட்டி சுட்டியை உண்மையான கோப்பாக மாற்றும். உண்மையான உள்ளடக்கத்தைச் சர்வருக்கு ஏற்றுவது ஒரு ப்ரீ-புஷ் ஹூக். இங்கேதான் ஆபத்து: எல்எஃப்எஸ் நிறுவியபின் ஒருவர் ஹூக்குகளின் இருப்பிடத்தைத் திருப்பிவிட்டால், அந்த ப்ரீ-புஷ் ஓடாது, சுட்டிகள் மட்டும் போய், படங்கள் அவர் கணினியிலேயே தங்கிவிடலாம். திருப்பிய அடைவிலும் எல்எஃப்எஸ் ஹூக்கைச் சேர்க்க மறவாதீர்கள்.

புஷ் செய்யும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கிறது. ஸ்கிரிப்டில் எழுதிவைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். கிட்டுக்குக் கிரெடென்ஷியல் ஹெல்பர் என்ற தனி வாயில் இருக்கிறது. ‘கெட்’, ‘ஸ்டோர்’, ‘இரேஸ்’ என்ற மூன்று செயல்களைப் புரிந்துகொண்டு, பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வடிவில் வரிவரியாகப் பேசத் தெரிந்த எந்த நிரலும் ஹெல்பராகலாம். கூடவே வரும் ‘கேஷ்’ நினைவகத்தில் இயல்பாக 15 நிமிடம் வைத்திருக்கும். ‘ஸ்டோர்’ மறையாக்கம் ஏதுமின்றி வெற்று உரையாக வட்டில் எழுதும் என்பதால் அதைத் தவிர்த்து, இயங்குதளத்தின் சாவிப்பெட்டகத்தோடு சேரும் ஹெல்பரைப் பயன்படுத்துங்கள்.

கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். ஒரே தளத்தில் அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் வைத்திருப்பவர்களுக்கு ஹெல்பர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நீட்டும். இயல்பு அமைப்பில் கிட் தளத்தின் பெயரை மட்டும் ஹெல்பரிடம் சொல்கிறது, களஞ்சியத்தின் பாதையைச் சொல்வதில்லை. ‘யூஸ் எச்டிடிபி பாத்’ அமைப்பை இயக்கினால் சொல்லும்.

மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வருக்குப் புஷ் நடந்தது எப்படித் தெரிகிறது? அதே சோதனைகளை அங்கேயும் மறுபடி எழுத வேண்டுமா?

ஜென்கின்ஸ் போன்றவை இரண்டு வழியிலும் அறியும். ஒன்று, குறித்த இடைவெளியில் தானே போய்க் கேட்பது. ‘எல்எஸ்-ரிமோட்’ கட்டளை குளோன் செய்யாமலே கிளைகளின் எண்களைத் தரும் என்பதால் செலவு குறைவு. மற்றொன்று வெப்ஹூக்: புஷ் நடந்தவுடன் களஞ்சியத் தளமே உங்கள் முகவரிக்கு ஒரு செய்தி அனுப்புவது. வெப்ஹூக்கை நீங்களே கையாளுவதானால், செய்தியோடு வரும் எச்மேக் (ரகசியச் சாவியால் கணித்த) கையொப்பத்தை முதலில் சரிபாருங்கள். முகவரி தெரிந்த யாரும் பொய்ச் செய்தி அனுப்ப முடியும். கிட்ஹப் 10 நொடிக்குள் பதிலை எதிர்பார்க்கிறது, தவறிய செய்தியைத் தானாக மறுபடி அனுப்புவதில்லை. எனவே வாங்கியவுடன் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பின்னால் செய்யுங்கள்; செய்தி தவறினாலும் தப்பிக்க, ஒரு மணிக்கு ஒருமுறையாவது போய்க் கேட்கும் வழியையும் சேர்த்து வையுங்கள்.

மறுபடி எழுத வேண்டியதில்லை. சோதனையைக் களஞ்சியத்தில் ஒரு சாதாரண ஸ்கிரிப்டாக எழுதி, ஹூக்கும் சிஐயும் அதை அழைக்கும்படி செய்யுங்கள். ஹூக் கோப்பு இரண்டு வரிக்கு மேல் போனால் ஏதோ தவறு என்று நான் எடுத்துக்கொள்வேன். கையாலும் ஓட்டக்கூடிய ஸ்கிரிப்டாக இருந்தால்தான், சிஐயில் விழுந்த சோதனையை உங்கள் கணினியில் மறுபடி விழவைத்துப் பார்க்க முடியும்.

என் கணினியில் ஓடுவது சிஐயில் மட்டும் கிட் பிழையோடு நிற்கிறது. எங்கே பார்ப்பது?

கமிட்டுகளுக்கு இட்ட டேக் என்ற பெயர்ச்சீட்டுகளைத் தேடும் ‘கிட் டிஸ்கிரைப்’ பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்றால், சிஐ மேலோட்டமான குளோன் எடுத்திருக்கிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் படி இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டும் எடுக்கும்; ஆழத்தைச் சுழியம் என்று கொடுத்தால் வரலாறு முழுவதும், டேக்குகளோடு வரும். அடைவின் உரிமையாளர் ஐயத்துக்குரியவர் என்ற பிழை வந்தால், கன்டெய்னரில் ஓடும் பயனரும் அடைவின் உரிமையாளரும் வேறு வேறு. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2ஆம் பதிப்பில் ஒரு பாதுகாப்புக் குறையை அடைக்க இந்தச் சோதனை சேர்க்கப்பட்டது. ‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் அந்த அடைவை மட்டும் சேருங்கள். எல்லாவற்றையும் நம்பச் சொல்லும் நட்சத்திரக் குறியைச் சொந்தக் கணினியில் இட வேண்டாம்.

வெளியாட்கள் அனுப்பும் புல் ரிக்வெஸ்டுகளையும் (தங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளையும்) சிஐ தானாகச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம், ரகசியங்களை அருகில் வைக்காமல். சோதனையை ஓட்டுவது என்றால் அந்நியர் எழுதிய நிரலை உங்கள் இயந்திரத்தில் ஓட்டுவது என்றே பொருள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ‘புல் ரிக்வெஸ்ட்’ நிகழ்வு, ஃபோர்க்கிலிருந்து (வெளியாளின் நகல் களஞ்சியத்திலிருந்து) வந்தவற்றுக்கு நீங்கள் சேமித்த ரகசியங்களைத் தருவதில்லை. ‘புல் ரிக்வெஸ்ட் டார்கெட்’ தருகிறது. அதில் போய் அந்நியரின் கிளையை எடுத்து ஓட்டினால் சாவிகளை நீங்களே எடுத்து நீட்டியதாகும்.

கமிட்டையும் பிழைப் பதிவையும் இணைக்க ஒழுங்கான முறை என்ன?

செய்தியின் கடைசிப் பத்தியில் ‘பெயர்: மதிப்பு’ என்ற வடிவில் எழுதப்படும் வரிகளுக்கு டிரெய்லர் என்று பெயர். லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் வழங்கும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. பிழை எண்ணை டிரெய்லராக எழுதினால் ‘இன்டர்பிரட்-டிரெய்லர்ஸ்’ கட்டளையாலும் ‘கிட் லாக்’கின் வடிவமைப்பாலும் அதைத் தனியே எடுக்க முடியும், செய்தியின் நடுவே எழுதிய எண்ணைத் தேடித் துழாவ வேண்டியதில்லை. கெரிட் இதை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்துகிறது. அதன் கமிட்-எம்எஸ்ஜி ஹூக் ஒவ்வொரு கமிட்டிலும் ‘சேஞ்ச்-ஐடி’ வரியைச் சேர்க்கிறது. திருத்தி எழுதும்போது கமிட் எண் மாறினாலும் இந்த வரி மாறாததால், இது பழைய மாற்றத்தின் புதிய வடிவம் என்று சர்வர் அறிந்துகொள்கிறது.

பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று என் சோதனை நிரலே கண்டுபிடித்துச் சொல்லுமா?

சொல்லும். ‘கிட் பைசெக்ட்’டிடம் நல்ல கமிட் ஒன்றையும் கெட்ட கமிட் ஒன்றையும் சொல்லிவிட்டு, ‘கிட் பைசெக்ட் ரன்’ கட்டளையில் சோதனை ஸ்கிரிப்டைக் கொடுத்தால், அது இடையில் உள்ளவற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தானே ஓட்டிப் பார்க்கும். ஆயிரம் கமிட்டுகளுக்கு ஏறக்குறைய பத்துச் சோதனைகள் போதும். ஸ்கிரிப்ட் சுழியத்தோடு வெளியேறினால் நல்லது, 1 முதல் 127 வரை கெட்டது, 128 முதல் தேடலே நிற்கும். நடுவில் 125 மட்டும் விதிவிலக்கு: ‘இந்தக் கமிட்டைச் சோதிக்க இயலவில்லை, தாண்டிப் போ’ என்று பொருள். நிரல் தொகுக்கப்படவே இல்லை என்றால் 125 தர வேண்டும். அதைக் கெட்டது என்று சொல்லிவிட்டால் தொடர்பே இல்லாத ஒரு கமிட்டின் மேல் பழி விழும்.

ஸ்கிரிப்டைக் களஞ்சியத்துக்கு வெளியே வைத்து ஓட்டுங்கள். உள்ளே கமிட் செய்து வைத்திருந்தால், பைசெக்ட் பழைய கமிட்டுக்குப் போகும்போது ஸ்கிரிப்டும் கூடவே பழையதாகிவிடும், அல்லது காணாமலே போய்விடும்.